இடது சிறகில் ஒரு வெட்டு

பறவை இரண்டாக விழுந்தது. சிறகு முதலில். உடல் பிறகு.

சிலாந்தோய் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. பதினான்காம் எண் காற்றாலையின் விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. அதன் வேகத்தில் மாற்றம் எதுவும் இல்லை.

"என்ன விழுந்துச்சு?" என்றான் சிரோங்கா. அவன் முழங்கால் மேல் படிவ அட்டை. நேரம் எட்டு இருபது, பாம்புக் கழுகு ஒன்று, நிறுத்தவில்லை என்று எழுதி முடித்திருந்தான்.

அவன் அவளை மகள் பெயரால் கூப்பிட்டான்.

"நைசுலா அம்மா. உன்னத்தான் கேக்குறேன்."

"நான் சொன்னதுதான்."

"வெட்டுக்காரனா?"

"அவந்தான்."

"அவன் விசிறிக்குள்ள போகமாட்டான்னு சொன்னியே."

"போகமாட்டான்."

"போயிருக்கானே."

அவள் பைனாகுலரை இறக்கினாள். பிளாஸ்கின் மூடியில் தேநீர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அதை அவன் அவளுக்காக ஊற்றி வைத்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

நன்யோக்கி மேட்டில் காற்றாலைகள் வந்து நான்கு வருடம். மேட்டில் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பதற்கு மேய்ப்பர்களான எங்கள் ஆட்களையே கம்பெனி எடுத்தது. நிறுத்த வேண்டிய பட்டியலில் மூன்று வகைப் பறவைகள். இரண்டு பிணந்தின்னிக் கழுகுகள், ஒரு பெருங்கழுகு. இவற்றில் ஒன்று காற்றாலைப் பக்கம் திரும்பினால் வாக்கி டாக்கியில் எண்ணைச் சொல்ல வேண்டும். கீழே அறையில் பொத்தானை அழுத்துவார்கள். நாற்பது நொடியில் விசிறி நிற்கும். மற்ற எந்தப் பறவைக்கும் நிறுத்தக் கூடாது.

சிலாந்தோயை எடுத்தது அவள் கண்ணுக்காக. நாங்கள் கால்நடையை எண்ணுவதில்லை. எண்ணினால் குறையும். நிறம் தெரியும், கொம்பு தெரியும், நடை தெரியும். மாலையில் மந்தை முள்வேலிக்குள் நுழையும்போது ஒருமுறை பார்த்தால் எது வரவில்லை என்று சொல்லிவிடலாம். எல்லோரும் சொல்வார்கள். சிலாந்தோய் அடுத்த வீட்டு மந்தைக்கும் சொல்வாள். கல்யாணமாகி வந்த முதல் மாதத்திலேயே சொன்னாள்.

பட்டியலில் ஒரு தொல்லை இருந்தது. பெருங்கழுகும் பாம்புக் கழுகும் ஒரே மாதிரி. இரண்டுக்கும் தலையும் நெஞ்சும் கருமை, வயிறு வெள்ளை. வெயில் மேலே பட்டால் பிரித்துவிடலாம். பாம்புக் கழுகின் சிறகடி வெளுப்பு. பெருங்கழுகின் சிறகடி கருப்பு, வயிற்றில் புள்ளி, கால்விரல் வரை இறகு. ஆனால் பறவை சூரியனுக்கும் நமக்கும் நடுவில் வந்தால் எல்லாமே கருப்பு. மே மாதத்தில் ஒரே வாரத்தில் இரண்டு முறை பாம்புக் கழுகுக்காகக் காற்றாலையை நிறுத்திவிட்டாள். கீழே மேற்பார்வை பார்க்கும் ம்பித்தே மேடம் கூப்பிட்டுச் சொன்னார். மூன்றாவது முறை நடந்தால் உனக்காக நான் பேச முடியாது.

அதற்குப் பிறகு சிலாந்தோய் தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்தாள். மேட்டில் குடியிருந்த பாம்புக் கழுகின் இடது சிறகு நுனியில், விரல்போல விரியும் இறகுகளுக்கு நடுவே ஓர் இடைவெளி. கல்லடியோ, வேடன் அம்போ, எதுவோ. எங்கள் மாடுகளின் காதில் குல வெட்டு உண்டு. கன்றில் வெட்டியது கிழமாகும்வரை அப்படியே இருக்கும். திருடிக்கொண்டு போய் மூன்று ஊர் தள்ளி விற்றாலும் காது சொல்லிவிடும். அவள் அந்தப் பறவைக்கு வெட்டுக்காரன் என்று பெயர் வைத்தாள். வெயில் எந்தப் பக்கம் இருந்தாலும் வெட்டு தெரியும். வெட்டுக்காரன் வந்தால் நிறுத்த வேண்டாம்.

இரண்டு மாதம் ஒரு தவறும் இல்லை. ம்பித்தே மேடம் மற்றக் காவல் மேடுகளிலும் அவள் பெயரைச் சொன்னார்.

இன்று காலை மூடுபனி கலைந்ததும் சூரியன் பக்கத்திலிருந்து ஒரு பறவை வந்தது. கருப்பாக. இடது சிறகில் வெட்டு.

"வெட்டுக்காரன்" என்றாள். சிரோங்கா எழுதினான்.

---

பதினான்காம் எண்ணுக்கு நடக்க இருபது நிமிடம். ஜூலைக் காற்று. சிலாந்தோய் சிவப்புக் கட்டம் போட்ட போர்வையைத் தலையோடு இழுத்துக் கட்டிக்கொண்டாள். சிரோங்கா பின்னால் வந்தான். அவன் எப்போதும் பேசிக்கொண்டே நடப்பவன். பாதி வழி வரை பேசவில்லை.

"கம்பெனிக்காரன் பாம்புக் கழுகுக்கு ஒண்ணும் சொல்லமாட்டான்" என்றான் பிறகு. "பட்டியல்ல இல்லாததுக்கு அழுறதுக்கு ஆள் இல்ல. ஒரு படிவம் எழுதணும், அவ்வளவுதான். நான் எழுதிர்றேன். என் கையெழுத்த அவங்க படிக்கிறதுக்குள்ள அடுத்த மழை வந்துரும்."

அவள் சிரிக்கவில்லை.

"நைசுலா அம்மா."

"ம்."

"அது அவந்தானே?"

அவள் நடந்தாள்.

உடல் கோபுரத்தின் அடியில் சரளைக்கல் மேல் கிடந்தது. பத்தடி தூரத்திலேயே அவள் நின்றுவிட்டாள். கால் தெரிந்தது. விரல் வரை வெள்ளை இறகு. நகம் அவள் சுண்டுவிரல் நீளம். வயிறு முழுக்கப் புள்ளி. கண் திறந்திருந்தது. மஞ்சள்.

சிரோங்கா தலையில் கை வைத்து உட்கார்ந்தான்.

"இது குட்டிதூக்கி" என்றான். பெருங்கழுகை வீடுகளில் அப்படித்தான் சொல்வோம்.

சிலாந்தோய் சிறகைத் தேடிப் போனாள். முப்பது அடி தள்ளி ஒரு முட்புதரில் மாட்டியிருந்தது. எடுத்துத் தரையில் விரித்தாள். அவள் இரண்டு கையையும் நீட்டினால் வரும் அகலத்தில் பாதிக்கு மேல் இருந்தது. நுனி இறகுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். இடைவெளி இருந்தது. வெட்டு இருந்தது. அதில் விரலை வைத்தாள்.

விரலில் ஏதோ தட்டுப்பட்டது.

இடைவெளியின் அடியில் ஒரு நீலக் குழல். விரல் நீளம். அதன் வாயில் புது இறகு, கருப்பாக, நுனி மட்டும் விரிந்து. மகள் நைசுலாவுக்குப் பல் விழுந்த இடத்தில் பல் வந்துகொண்டிருந்தது. அதே மாதிரி.

அவள் அதைத் தொட்டாள். ஈரமாக இருந்தது. எடுத்துப் பார்த்தபோது விரலில் இரத்தம்.

"சிரோங்கா."

"ம்."

"முளைக்குது."

"என்னது?"

"வெட்டு. இறகு முளைக்குது."

அவன் வந்து குனிந்து பார்த்தான். 

"அப்ப வெட்டுக்காரன்?"

"அவனுக்கு எப்பவோ முளைச்சிருக்கும். வெட்டில்லாம நம்ம தலைக்கு மேலயே சுத்திக்கிட்டு இருந்திருப்பான். இவளுக்கு இப்ப அதே எடத்துல இறகு விழுந்திருக்கு."

"கம்பெனிப் பயிற்சில இதச் சொன்னாங்களோ?"

"சொல்லியிருப்பாங்க. ஆடு குட்டி போட்டுச்சுன்னு ஒருநாள் நான் போகல."

சிரோங்கா சரளையில் ஒரு கல்லை எடுத்துப் போட்டான். இன்னொன்றை எடுத்தான்.

"எனக்குத் தோணுச்சு" என்றான்.

"என்ன தோணுச்சு?"

"பெருசா இருக்கேன்னு. பாம்புக் கழுகுக்கு இல்லாத மாதிரி வால் கட்டையா இருக்கேன்னு."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"தோணுனா ஏன் சொல்லல?"

"நீ வெட்டுக்காரன்னு சொல்லிட்ட. நீ சொன்னதுக்கு அப்புறம் நான் என்னத்தச் சொல்றது?"

"வாயத் திறந்து சொல்லவேண்டியதுதானே. தின்னத் திறக்கத் தெரியுதுல்ல."

"உன் கண்ணுக்கு முன்னாடி என் கண்ணு ஒரு கண்ணா? உன் வீட்டுக்காரர் கசாய்னே கிணத்தடில சொல்றதக் கேட்டதில்லையா நீ? என் பொண்டாட்டி அடுத்தவன் மந்தையில தன் ஆட்டோட பேத்தியக் கண்டுபிடிப்பாங்கிறாரு. அதக் கேட்டுட்டு நான் வந்து, இல்ல, வால் கட்டைங்கவா?"

அவள் சிறகைத் தூக்கிக்கொண்டு வந்து உடலுக்குப் பக்கத்தில் வைத்தாள். எந்தப் பக்கமிருந்து வந்ததோ அந்தப் பக்கம். பிறகு அது பொருந்தாது என்று தெரிந்து கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

---

ம்பித்தே மேடம் ஜீப்பில் வந்தார். கம்பா இனத்தவர். எங்கள் பேச்சு அவருக்குப் பாதிதான் புரியும். பொதுமொழியான சுவாஹிலியில்தான் பேசிக்கொள்வார்கள். உறை போட்ட கையால் பறவையைத் திருப்பினார். படம் எடுத்தார். படிவத்தை வாங்கிப் படித்தார்.

"எட்டு இருபது. பாம்புக் கழுகு" என்றார். "யார் பார்த்தது?"

"நான்" என்றாள் சிலாந்தோய்.

"எவ்வளவு நேரம் பார்த்தீங்க?"

"தேவையான நேரம்."

"இத பாம்புக் கழுகுன்னு சொன்னீங்க."

"வெட்டு இருந்துச்சு மேடம்."

அவள் சொன்னாள். வெட்டு, காது, முளைக்கும் இறகு. ம்பித்தே குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் கையுறையைக் கழற்றினார்.

"போன மாசம் ஆபீஸுக்கு ஒரு மனு வந்துச்சு. பெருங்கழுகு எங்க ஆட்டுக்குட்டியத் தூக்கிட்டுப் போகுது, நீங்க அதப் பாதுகாக்குறீங்க, எங்க குட்டிய யார் பாதுகாக்குறதுன்னு. யாரோட மனு அது?"

"என் வீட்டுக்காரரோடது."

"தூக்குனது இந்தக் கழுகுதானா?"

"இந்த மேட்டுல இருக்கிறது ஒரு ஜோடிதான். இது பொட்டை. பெருசு. இதுதான்."

ம்பித்தே ஜீப்பின் கதவில் சாய்ந்து நின்றார். காற்றில் அவர் முடி முகத்தில் அடித்தது. ஒதுக்கவில்லை.

"உங்கள ரெண்டு மாசமா எல்லாருக்கும் உதாரணம் காட்டிட்டிருக்கேன் சிலாந்தோய். இந்த மேட்டுல தப்பாப் பார்க்காத ஆளுன்னு. இப்ப நான் மேல போய் என்ன சொல்லணும்? தப்பாப் பார்க்காத ஆள், தன் வீட்டுக் குட்டியத் தின்ன கழுக மட்டும் தப்பாப் பார்த்துட்டாங்கன்னா?"

சிலாந்தோய்க்கு அப்போதுதான் புரிந்தது.  கோபுரத்தில் கை வைத்துக்கொண்டாள். உள்ளே இரைச்சல் அதிர்ந்தது.

"நான் வேணும்னு விடல மேடம்."

"நாளைக்குக் காலையில வனவிலங்கு அதிகாரி வர்றார். அவர்கிட்ட சொல்லுங்க. தெரிஞ்சே விட்டிருந்தா கேஸ். உள்ள போடுவாங்க. தெரியாம விட்டிருந்தா..." அவர் நிறுத்தினார். "தெரியாதவங்கள நான் எப்படி மேட்டுல வெச்சுக்கிறது, அதையும் நான் யோசிக்கணும்."

பைனாகுலரையும் வாக்கியையும் வாங்கிக்கொண்டார். பைனாகுலரின் வார் சிலாந்தோயின் கழுத்து மணிகளில் சிக்கியது. ம்பித்தேயே விடுவித்தார். மெதுவாகத்தான் விடுவித்தார்.

---

வீட்டுக்கு வரும்போது மூன்று மணி. முள்வேலிக்கு வெளியே புகை தெரிந்தது. ஆள் சத்தம். அவள் முதலில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்தாள்.

கசாய்னே கிடாய் அறுத்திருந்தான்.

வறட்சியில் மாடெல்லாம் போன பிறகு அந்த வீட்டில் ஆடு அறுத்தது இல்லை. ஆடு இருந்தது, குட்டி இருந்தது, அதுதான் இருந்தது. மாவு வாங்குவது அவள் சம்பளத்தில். இப்போது விலா எலும்புகள் குச்சியில் சாய்ந்து வெந்துகொண்டிருந்தன. ஆண்கள் நெருப்பைச் சுற்றி. பெண்கள் பால் குடுவைகளோடு வந்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் பேச்சு நின்றது. பிறகு எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். நல்ல சிரிப்பு.

"வந்துட்டா" என்றான் கசாய்னே. எழுந்து வந்தான். நெடிய ஆள். மற்றவர்கள் முன்னால் மனைவியிடம் அதிகம் பேசாதவன். "நைசுலா அம்மா. உக்காரு. நடந்தே வந்தியா? ஜீப்புல கொண்டுவந்து விட்டிருக்கக் கூடாது அந்த மேடம்?"

"என்ன இது?"

"என்ன இதுவா. சிரோங்கா போன்ல சொன்னான்."

"என்ன சொன்னான்?"

"குட்டிதூக்கி விழுந்துருச்சுன்னு. நீதான் பார்த்துக்கிட்டு இருந்தன்னு." அவன் குரலைத் தாழ்த்தினான். ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. "நான் மனு எழுதினேன். அங்க இங்க நடந்தேன். தடியோட பகல்பூரா பாறையில உக்காந்தேன். நீ ஒரு வார்த்தை சொல்லல. வாய மூடிட்டு மேல போய் முடிச்சிட்டு வந்துட்ட."

"நான் முடிக்கல."

கசாய்னே நெருப்புப் பக்கம் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"கேட்டீங்களா? இவ முடிக்கலையாம்."

"அப்படித்தான் சொல்லணும்" என்றான் ஒருவன். "கம்பெனிக்காரன்கிட்ட அப்படியே சொல்லு தாயி."

"நான் வேற பறவைன்னு நினைச்சேன்" என்றாள் சிலாந்தோய். "தப்பாப் பார்த்துட்டேன்."

"ஆமா ஆமா. தப்பாப் பார்த்துட்ட. நீ." கசாய்னேவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியிருந்தது. கழுகு தூக்கிப் போன குட்டிகளை அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். வெண்காலியின் மகள். சாம்பல் ஆட்டின் ரெட்டையில் ஒன்று. மூக்குக் கறுத்தது, பிறந்து மூன்று நாள். கொம்பில்லாதவளின் கடைசி. எத்தனை என்று சொல்லவில்லை. பெயர் பெயராகச் சொன்னான். ஒவ்வொன்றுக்கும் ஆண்கள் தலையசைத்தார்கள்.

அப்போது அவன் அண்ணன் கொய்னெத் எழுந்தான். வயதானவன். தடியை ஊன்றி வந்து அவள் எதிரில் நின்றான். அவள் இந்த வீட்டுக்கு வந்த நாளில் அவன்தான் ஒரு செம்மறியைக் கொடுத்து உள்ளே அழைத்தது. எங்களில் எந்த விலங்கைக் கொடுத்தாலும், கொடுத்தவரும் வாங்கியவரும் அதன் பெயராலேயே ஒருவரையொருவர் கூப்பிடுவார்கள். பன்னிரண்டு வருடமாக அவள் அவனுக்கு பாக்கெர். அவன் அவளுக்கு பாக்கெர். செம்மறியால் ஆன உறவு.

"என்கிட்ட மிச்சம் இருக்கிறது ஒரு கிடேரி" என்றான். "சிவப்பு. உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"அது உன்னோடது. இன்னையிலருந்து நீ எனக்கு பாத்தாவுவோ."

கிடேரியால் ஆன உறவு. பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள். இனி அவள் அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னால் வாங்கிக்கொண்டாள் என்று பொருள்.

எல்லோரும் காத்திருந்தார்கள். நெருப்பில் கொழுப்பு சொட்டிப் பொரிந்தது.

"இது வேண்டாம்" என்றாள். "எனக்கு இது சேராது. நான் செய்யல."

"சொல்லு தாயி" என்றாள் ஒருத்தி பின்னாலிருந்து. "மனுஷன் நிக்கிறாருல்ல."

"நான் அந்தப் பறவைய அடையாளம் தெரியாம விட்டேன். அவ்வளவுதான் நடந்துச்சு."

கொய்னெத் அவளையே பார்த்தான். கோபமில்லை. குழப்பம். பிறகு அவன் முகம் தெளிந்தது.

"பெரிய புத்திசாலி" என்றான் தம்பியிடம். "நம்மகிட்டயே சொல்லமாட்டா. யாரும் எங்கயும் உளறக் கூடாதுன்னு நினைக்கிறா. நல்லது. அப்படியே இருக்கட்டும்." அவள் தலையில் கை வைத்தான். "அப்புறமாச் சொல்லு. கிடேரி எங்கயும் போகாது."

அவள் குடிசைக்குள் போனாள். வெளியில் திரும்பவும் பேச்சு ஆரம்பித்தது. நைசுலா ஒரு எலும்பைக் கடித்துக்கொண்டே உள்ளே வந்தாள். கை, கன்னம் எல்லாம் கொழுப்பு.

"அம்மா, அது விழுந்தப்ப சத்தம் போட்டுச்சா?"

"இல்ல."

"நீ பார்த்தியா?"

"பார்த்தேன்" என்றாள் சிலாந்தோய்.

---

மறுநாள் காலை காவல் மேட்டில் தகரக் கொட்டகையின் நிழலில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். வனவிலங்கு அதிகாரி தலைநகரிலிருந்து வந்தவர். கழுத்தில் நல்ல பைனாகுலர். முன்னால் ஒரு குறிப்பேடு. ம்பித்தே மேடம் வாக்கியோடு நின்றார். சிரோங்கா தனியாகக் கண்காணிப்புக் கல்லில் உட்கார்ந்திருந்தான். நேற்று அவள் உட்கார்ந்த கல். விசாரணை என்றாலும் காற்றாலை ஓடும். வானத்தைப் பார்க்க ஆள் வேண்டும்.

வேண்டாம் என்று சொல்லியும் கசாய்னே வந்திருந்தான். கொய்னெத்தும். சலவை செய்த போர்வை போர்த்தி, தடி பிடித்து, சாட்சிக்கு நிற்பவர்கள் போல நின்றார்கள்.

அதிகாரி அவளிடம் கேட்டார். அவள் வெட்டைச் சொன்னாள். முளைத்த இறகைச் சொன்னாள். அவர் எழுதினார்.

"வெயில் எதிர்ல இருந்துச்சுன்னா, சந்தேகம் வந்திருக்கணுமே."

"வரல."

"ஏன் வரல?"

"வெட்டப் பார்த்துட்டேன். வேற எதையும் பார்க்கல."

அவர் கசாய்னேயைப் பார்த்தார். "நீங்கதான் மனு எழுதினவரா?"

"நான்தான்."

"எத்தன குட்டி போச்சு?"

கசாய்னே எண்ணைச் சொல்லவில்லை. வெண்காலியின் மகள் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான். அதிகாரி விரல் மடக்கிப் பார்த்துக்கொண்டு எழுதினார்.

"உங்க மனைவி தப்பாப் பார்த்துட்டதாச் சொல்றாங்க."

"யாரு, இவளா?" கசாய்னேவின் குரல் மாறியது. அவன் அவளைக் காப்பாற்ற வந்தவன். ஒரு வெளியூர்க்காரன் தன் மனைவியைக் கண் தெரியாதவள் என்று எழுதுவதை அவனால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. "இவ தப்பாப் பார்க்கமாட்டா சார். யார வேணா கேளுங்க. மூணு வருஷம் முன்ன தொலைஞ்ச ஆடு. அதோட பேத்திய, தாயப் பார்க்காமலே, அடுத்த ஊர் மந்தையிலருந்து இழுத்துட்டு வந்தா. பறவையெல்லாம் இவளுக்கு ஒரு பொருட்டா? இந்த மேட்டுல இவ கண்ணுக்கு மேல கண்ணு கிடையாது."

"உண்மை" என்றான் கொய்னெத். "எங்க வீட்டு மருமக. என் பாத்தாவுவோ."

அதிகாரி பேனாவை நகர்த்திக்கொண்டே இருந்தார். ம்பித்தே தரையைப் பார்த்தார்.

சிலாந்தோய் கணவனைப் பார்த்தாள். அவன் நிமிர்ந்து நின்றிருந்தான். அவள் பக்கம் தலையை லேசாக அசைத்தான். பயப்படாதே என்று. தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவனுக்குத் தெரியவில்லை. 

"அப்ப தெரிஞ்சுதான் விட்டிருக்காங்க" என்றார் அதிகாரி.

கசாய்னேவின் தலையசைப்பு நின்றது.

"நான் அப்படிச் சொல்லல."

"தப்பாப் பார்க்கவேமாட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க."

"அதச் சொன்னேன். இதச் சொல்லல." அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் தடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். "நைசுலா அம்மா, நீ சொல்லேன்."

"நேத்திலருந்து சொல்லிட்டுத்தான் இருக்கேன்" என்றாள்.

"மேடம்" என்றான் சிரோங்கா.

அவன் எழுந்து நின்றிருந்தான். பைனாகுலர் கிழக்கே திரும்பியிருந்தது.

"ஒண்ணு வருது."

எல்லோரும் திரும்பினார்கள். மூடுபனிக்கு மேலே சூரியன் வெள்ளையாக இருந்தது. அதன் நடுவிலிருந்து வருவது போல ஒரு பறவை. கருப்பு. சிறகை அசைக்கவில்லை. பதினான்காம் எண்ணுக்கு நேராக மிதந்து வந்தது.

"என்ன பறவை?" என்றார் ம்பித்தே.

சிரோங்கா பைனாகுலரை இன்னும் அழுத்திக் கண்ணில் வைத்தான்.  

"நைசுலா அம்மா" என்றான்.

"அவங்களக் கேக்காத. நீ சொல்லு."

"எனக்கு... நைசுலா அம்மா, வா. பாரு."

ம்பித்தே அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிலாந்தோய் போய் அவன் கழுத்திலிருந்து பைனாகுலரைக் கழற்றினாள்.

இடது சிறகு முழுதாக இருந்தது. வலது சிறகும். வெட்டு இல்லை. அவள் வாலைப் பார்த்தாள். நீளமா, கட்டையா, தலை இந்தப் பக்கம் திரும்பியதால் தெரியவில்லை. சிறகடி கருப்பு. இந்த வெயிலில் எதன் சிறகடியும் கருப்பு. பொட்டையைத் தேடி வரும் ஆண் குட்டிதூக்கியாக இருக்கலாம். பழைய வெட்டுக்காரனாக இருக்கலாம்.  பார்க்கப் பார்க்கப் பறவை பெரிதானது, பார்க்கப் பார்க்க அடையாளம் ஒன்றும் கூடவில்லை.

"சொல்லு" என்றான் கசாய்னே பின்னாலிருந்து. கெஞ்சினான். "நீ சொல்லிருவ. சொல்லு."

"தெரியல" என்றாள்.



"எனக்குத் தெரியல மேடம். நிறுத்துங்க."

"தெரியாம நிறுத்தக் கூடாதுன்னு..."

"நிறுத்துங்க."

ம்பித்தே வாக்கியை வாயருகே கொண்டுபோனார். "பதினாலு. நிறுத்து. பதினாலு."

விசிறி உடனே நிற்காது. முதலில் இரைச்சல் குறையும். பிறகு விசிறியின் ஒவ்வொரு இலையும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பிக்கும். சிலாந்தோய் பைனாகுலரைப் பறவையிலிருந்து எடுக்கவில்லை. அதிகாரி எழுந்து தன்னுடையதைக் கண்ணில் வைத்தார். குவியத் திருகைத் திருப்பினார். இன்னொருமுறை திருப்பினார்.

"சார்?" என்றார் ம்பித்தே. "என்னது அது?"

அதிகாரி பார்த்துக்கொண்டே இருந்தார். பறவை விசிறியின் நிழலுக்குள் நுழைந்தது. ஓர் இலை மேலே, மெதுவாக, மிக மெதுவாக வந்துகொண்டிருந்தது. பறவை அதற்கும் அடுத்ததற்கும் நடுவே போனது. ஒரு சிறகைக்கூடச் சாய்க்கவில்லை. அந்தப் பக்கம் வெளியே வந்து பள்ளத்தாக்கில் இறங்கியது.

அதிகாரி பைனாகுலரை இறக்கினார். கண்ணைத் துடைத்தார்.

"எனக்கும் தெரியல" என்றார்.

உட்கார்ந்தார். குறிப்பேட்டைப் புரட்டி, எழுதியிருந்ததைக் கொஞ்ச நேரம் படித்தார். பிறகு அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டுக் கீழே எழுதத் தொடங்கினார்.

கசாய்னே மனைவியைப் பார்த்தபடி நின்றான். யாரோ தெரியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"நிஜமாத்தான் சொன்னியா?" என்றான். "நேத்தும்?"

"நேத்தும்."

"கெடா அறுத்தேனே."

"ஆமா."

"ஊருக்குள்ள நான் என்ன சொல்வேன்?"

"தெரியலன்னு சொல்லிட்டாள்னு சொல்லு."

கொய்னெத் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். "தம்பி" என்றான். "அது உன் வீட்டுப் பக்கமாப் போகுது."

கசாய்னே திரும்பினான். கீழே முள்வேலி சின்ன வளையமாகத் தெரிந்தது. அதற்கு வெளியே பாறைச் சரிவில் குட்டிகள் வெள்ளைப் புள்ளிகளாகச் சிதறி மேய்ந்துகொண்டிருந்தன. காவலுக்கு இருக்க வேண்டியவன் இங்கே நின்றிருந்தான்.

அவன் ஓடினான். போர்வை காற்றில் அவிழ்ந்தது. அதைப் பிடித்துக் கக்கத்தில் சுருட்டிக்கொண்டு, தடியைத் தூக்கிக் கத்திக்கொண்டே சரிவில் இறங்கினான்.

ம்பித்தேயின் கையில் வாக்கி கரகரத்தது. கீழே அறையிலிருந்து கேட்டார்கள். பதினாலை ஓட விடலாமா?

ம்பித்தே சிலாந்தோயைப் பார்த்தார். பைனாகுலரைத் திருப்பிக் கேட்கவில்லை.

சிலாந்தோய் பள்ளத்தாக்கின் மேல் வட்டமிடும் பறவையைப் பின்தொடர்ந்தாள். வட்டம் ஒருமுறை அவள் வீட்டு மேல் போனது. அடுத்தது மேட்டுப் பக்கம் வந்தது. கீழே கசாய்னே குட்டிகளை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான். இன்னும் பாதி தூரம்கூட எட்டவில்லை.

"ஓட விடலாமா?" என்றார் ம்பித்தே.

"இருங்க" என்றாள். "அது இன்னும் போகல."